மிளகின் தட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே உன் அம்மா, மிளகு, நான் ஆகிய மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அவ்வாறே இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூவரும் என்று எழுதியிருப்பதை நின்று படி. உன் மகள் மிளகு நலமாக இருக்கிறாள். அவள் நலமாக இல்லை என்று நீ அங்கிருந்தபடியே முடிவு செய்து, வரும் சனிக்கிழமை உன் நாத்தனார் காரோடு வந்து அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போவார் என்று ஏற்பாடும் செய்து, அதை எனக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பியிருக்கிறாய். "அப்பா, உங்களால முடியல, விடுங்க. அண்ணி பார்த்துப்பாங்க. அவ துணிமணியை மட்டும் எடுத்து வச்சிடுங்க" என்பது செய்தி. எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கப்போவதும் இல்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நீ அழுவாய், உன் அம்மா நடுவில் புகுந்து கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள், நான் பாதி சொல்லி நிறுத்துவேன், நீ அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேச மாட்டாய். கடிதத்தை யாரும் குறுக்கே வெட்ட முடியாது. எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன், தாள் பின்னால் தபாலில் வரட்டும். வரிகள் நேராக இருக்கின்றன, ஆகவே அப்பாவுக்குக் கோபம் இல்லை போலும் என்று தப்பாக எண்ணிவிடாதே. கோபம் இருக்கிறது. அது சத்தம் போடும் வகையைச் சேர்ந்ததல்ல என்பது நீ பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ பார்த்தது திரைக்குள் அடங்கிய அளவுதான். உன் நாத்தனார் வந்தபோதே மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தார். நம் கட்டடத்து லிஃப்ட்டின் பிரேக் தேய்ந்திருந்ததால் ஆய்வாளர் என்ற முறையில் நானே அதை மூடி முத்திரை வைத்திருக்கிறேன் என்பதை உனக்கு முன்பே சொன்னேன். அன்றிலிருந்து கட்டடம் முழுவதும் படியேறுகிறது, ஏறும்போது என்னைத்தான் நினைத்துக்கொள்கிறது. கீழ்வீட்டு வக்கீல், "ஊருக்கெல்லாம் சீல் வைக்கறவர் சொந்த வீட்டை விட்டு வைப்பார்னு நம்பினோமே சார், எங்க தப்பு" என்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டார். சங்கத்தில் தீர்மானம் போடுவதாகவும் மிரட்டினார்கள். போடட்டும், புது பிரேக் வரும்வரை முத்திரை அங்கேயேதான் இருக்கும். உன் நாத்தனாரும் நான்கு மாடி ஏறிவந்து வாசலில் நின்று, "ஏன் மாமா, என்னை இளைக்க வைக்கணும்னே லிஃப்ட்டை மூடினீங்களா?" என்றார். அதற்கு நான் சிரித்தேன். அவரிடம் எனக்குத் தனிப்பகை ஏதுமில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். தனிப்பயிற்சி நிலையம் நடத்துகிறவர், ஒரு கூடம் நிறைந்த பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவர், தம் இரண்டு பையன்களையும் கொழுகொழுவென்று வளர்த்ததாகச் சொல்லிக்கொள்கிறவர். பையன்கள் கொழுகொழுவென்றுதான் இருக்கிறார்கள். அவர்களில் பெரியவன் இன்றைக்கும் தட்டில் எதையாவது மிச்சம் வைக்க நேர்ந்தால் அம்மா எங்கே இருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறான், நீ கவனித்ததில்லையா?

வழக்கம்போல உன் முகம் தொலைபேசியோடு மேசைமேல் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உன் நாத்தனார் மிளகை மடியில் இருத்தி, அவளுடைய இரண்டு கைகளையும் தம் இடக்கைக்குள் அடக்கிக்கொண்டு, கரண்டியைக் கொண்டுபோனார். அவள் வாயை இறுக்கினாள். உடனே அவர் அவள் மூக்கைப் பிடித்தார். மூச்சுக்காக வாய் திறந்தது, கரண்டி உள்ளே போயிற்று. மூச்சுக்காகத் திறக்கிற வாயில் சோற்றைத் திணித்தால் அது எந்தக் குழாயில் இறங்கும் என்பதை மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிற உனக்கு ஒரு லிஃப்ட் ஆய்வாளர் விளக்க வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "கையை நல்லா பிடிச்சுக்கோங்க அண்ணி. ரெண்டு வாய் உள்ள போயிட்டா சரியாயிடுவா" என்றாய். அதுவரை கால்களை உதைத்துத் திமிறிக்கொண்டிருந்த குழந்தை உன் குரல் கேட்டதும் திமிறுவதை நிறுத்திவிட்டாள். அடங்கிவிட்டாள் என்று நீயும் அவரும் மகிழ்ந்தீர்கள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாந்தி எடுத்தாள். "இதெல்லாம் நடிப்பு மாமா. எங்க சின்னவனும் இதே வித்தைதான் காட்டுவான். கண்டுக்காம ரெண்டாவது தடவை ஊட்டினா தானா நின்னுடும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த கரண்டியை நிரப்பினார். "கையை எடும்மா" என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். எடுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, உன் முகத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அவளைக் கழுவப் போனேன். அண்ணியை அவமானப்படுத்திவிட்டேன், உன் முகத்தைக் கவிழ்த்துவிட்டேன் என்று நீ எழுதிய இரண்டு குற்றச்சாட்டுகளும் சரியானவையே. இரண்டுக்கும் நான் வருந்தவில்லை. மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் அப்படியே செய்வேன்.

அதற்கு முன்னால் மட்டும் இந்த வீடு சொர்க்கமாக இருந்ததா என்றால் இல்லை, சர்க்கஸாக இருந்தது. உன் அம்மா கண்ணாடிக் கடையில் பகல் முழுவதும் நின்று லென்ஸ் அளந்துவிட்டு வந்து, கால்கூட நீட்டாமல், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பால்கனிக்கும் கூடத்துக்கும் கட்டிலடிக்கும் குழந்தையின் பின்னால் ஓடுவாள். ஒரு வாய் ரொட்டிக்கு ஒரு பாட்டு, ஒரு வாய் முட்டைக்கு ஒரு பொம்மலாட்டம், விழுங்கிவிட்டால் கைதட்டல். இந்த நகரத்தில் பாதி லிஃப்ட்டுகள் என் கையெழுத்தை நம்பி மேலே போய்க் கீழே வருகின்றன, அந்தக் கையால் நான் ஒரு துணி முயலின் காதை ஆட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நீ வந்துவிடுவாய். "எங்க, ஆ காட்டு. சமத்து. இன்னொண்ணு. கடைசி வாய் முழுங்கிடு, அம்மா வேலைக்குப் போகணும்" என்பாய். உன் இரவுப் பணி தொடங்குவதும் இங்கே அவள் சாப்பிடுவதும் ஒரே நேரமாக அமைந்தது யாருடைய தவறும் அல்ல. ஆனால் ஓடவும் ஆடவும் நீ வரவும் தொடங்கியபிறகு அவள் சாப்பிடுவது கூடவில்லை, குறைந்துகொண்டே போயிற்று. ரொட்டியின் ஓரம் பிடிக்காது, முட்டையின் மஞ்சள் பிடிக்காது, பச்சையாக எது இருந்தாலும் பிடிக்காது, நேற்றுப் பிடித்த உருளைக்கிழங்கு இன்றைக்குப் பிடிக்காது என்று ஆயிற்று. எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்கு எங்களைக் கூப்பிட்டால் நாங்கள் முதலில் கருவிப் பையைத் திறப்பதில்லை, எல்லாரையும் பொத்தானிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறோம். மேல்மாடிக்காரர் ஒன்றை அழுத்த, கீழ்மாடிக்காரர் ஒன்றை அழுத்த, காவலாளி கதவை நெம்ப, எது பழுது எது இவர்கள் செய்த கோளாறு என்றே தெரியாது. அந்த ஞாயிறு ராத்திரி இந்த வீட்டிலும் எல்லாரையும் பொத்தானிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். பாட்டு இல்லை, முயல் இல்லை, கைதட்டல் இல்லை, சாப்பாட்டு மேசையில் தொலைபேசி இல்லை. நீ எனக்கு எழுதிய 'என்னை என் பொண்ணுகிட்டேயிருந்து வெட்டறீங்க' என்ற வரி இதிலிருந்து பிறந்ததுதான். காலையில் அவள் உன்னோடு பேசத்தான் செய்தாள் என்பதை நீ அந்த வரியில் சேர்க்கவில்லை.

நானாக ஒன்றும் செய்துவிடவில்லை, மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அந்த அம்மாள் தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், விழுங்கும்போது வலிக்கிறதா, புரை ஏறுகிறதா, மலம் சரியாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார், பிறந்ததிலிருந்து எடுத்த எடைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பிறகு, "ஒல்லிதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா எடை எப்பவும் போற கோட்டுலதான் போகுது, ஓட்டம் குறையல, துறுதுறுன்னு இருக்கா. ஓடற வண்டியை எதுக்கு மூணு பேரா சேர்ந்து தள்றீங்க?" என்றார். உன் அம்மா விடவில்லை, பகலில் பசிக்கிறது என்று கேட்பதே இல்லை டாக்டர் என்றாள். பகலில் என்ன குடிக்கிறாள் என்று அவர் கேட்டார். உன் அம்மா கூரையைப் பார்த்தாள். பயத்தில் மணிக்கொருதரம் பால், நடுவில் பிஸ்கட், போதாததற்கு வாழைப்பழத்தை மசித்து ஒரு கிண்ணம். "இவ்வளவையும் ரொப்பிட்டுப் பசிக்கலன்னா எப்படிம்மா பசிக்கும்? நீங்களும் நானுமா இருந்தா படுத்துத் தூங்கிடுவோம்" என்றார் மருத்துவர். அவர் சொன்ன முறை எளிமையானது. "என்ன வைக்கறது, எப்ப வைக்கறது, எங்க உட்கார்றது, இது மூணும் உங்க வேலை. சாப்பிடறதா வேணாமா, எவ்வளவு, இது அவ வேலை. அவ வேலையை நீங்க பிடுங்கினா அவ உங்க வேலையைப் பிடுங்குவா, அப்புறம் மெனு போடறது அவளாத்தான் இருக்கும்." அவளுக்குப் பழகிய ஏதாவது ஒன்று தட்டில் எப்போதும் இருக்கட்டும், பக்கத்தில் புதியது ஒரு துளி இருக்கட்டும், தொடாவிட்டாலும் பேசாமல் எடுத்துவிட்டு வேறொரு நாள் மறுபடி வையுங்கள், பத்துத் தடவை பார்த்தபிறகுகூடத் தொட மாட்டாள், பதினொன்றாவது தடவை எடுப்பாள், எடுக்காமலும் போகலாம் என்றார். எடை இறங்கினால், சோர்ந்து கிடந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் ஒருநாளும் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். வலுக்கட்டாயமாக ஊட்டுவதைப் பற்றி நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை உன் நாத்தனாரிடம் நேரில் சொல்வதற்கென்று வைத்திருக்கிறேன், இங்கே எழுதவில்லை. திரும்பும் வழியில் மருந்துக் கடைக்காரர் எங்களை மறித்து, பசியைத் தூண்டும் மருந்து ஒன்றை நீட்டி, "ஒரு ஸ்பூன் குடுங்க சார், யானை மாதிரி சாப்பிடும்" என்றார். வீட்டில் யானைக்கு இடமில்லை, லிஃப்ட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் சுலபமாக இருந்தன என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. மூவரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுக்கு அவளே எடுத்துக்கொள்ளச் சின்னக் கரண்டி. முதல் நாள் அவள் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். "தாத்தா, நான் சாப்பிடல" என்றாள். சரி என்றேன். "கேரட்டும் சாப்பிடல." அதுவும் சரி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரும் திட்டலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏமாற்றம்தான் அவளுக்கு. கரண்டியைத் தரையில் போட்டாள், எடுத்து மேசையில் வைத்தேன். மறுபடி போட்டாள், எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தேன். இறங்கிப் போய்விட்டாள். உன் அம்மா தட்டையே பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஏங்க, பட்டினி போட்டே கொன்னுடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்றேன். "என் தட்டைப் பார்த்தா எனக்கே இறங்கல, இதுல குழந்தைக்கு எப்படி இறங்கும்" என்று எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். மாலையில் குழந்தை வந்து பசிக்கிறது என்றாள். இந்த வீட்டில் எத்தனையோ மாதங்களாக யாரும் கேட்காத சொல் அது. மேசை போட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று சொல்லி, தட்டுகளை அவளையே அடுக்கச் சொன்னேன். அன்றைக்கு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள், ரொட்டியின் நடுவைத் தோண்டித் தின்றுவிட்டு ஓரத்தை வேலி மாதிரி விட்டாள், என் தட்டிலிருந்த பட்டாணியில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். உன் அம்மா கைதட்டக் கை தூக்கினாள், மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். மிதித்ததற்கு இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் எழுதப்போவது உனக்குத் தெரிந்த ஒரு ராத்திரியைப் பற்றி. எனக்கு அன்று வேலையிடத்திலிருந்து வரத் தாமதமாயிற்று. உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, நான் இல்லாத சமயம் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் உன்னை அழைத்துவிட்டாள். மறுநாள் நீ எனக்கு வெற்றி முழக்கமே அனுப்பினாய். "என் முன்னாடி வாய் நிறைய சாப்ட்டா அப்பா, போன்ல இருந்த நேரம் முழுக்க வாய் ஓயவே இல்ல. நீங்கதான் அவளைப் பட்டினி போடறீங்க" என்று எழுதினாய். நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது நீ இன்னும் திரையில் இருந்தாய், உனக்கு நான் தெரியவில்லை. நான் பேசாமல் நின்று பார்த்தேன். தட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் வாயில் ஒரே ஒரு கவளம். நீ பேசிய நேரம் முழுவதும் அந்த ஒன்றுதான். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நீ கேட்கும்போதெல்லாம் தாடையை அசைத்து மெல்வதுபோலக் காட்டி, மறுபடி ஒதுக்கி, உன்னோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கூஜாவில் சாய்ந்திருந்த உனக்கு உப்பிய கன்னம் மட்டும் தெரிந்தது, உனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கடைசியில் வேலைநேரம் வந்து நீயே போகவேண்டியதாயிற்று. நீ போனபின் அவள் அதைத் தட்டில் துப்பிவிட்டாள். உன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏன்டி கண்ணு, இவ்வளவு நேரம் வச்சிருந்தியே, முழுங்கினா என்ன?" என்று கேட்டாள். மிளகு, பாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற தோரணையில், "முழுங்கிட்டா அம்மா வேலைக்குப் போயிடுவாங்க பாட்டி" என்றாள்.

உன்னை அழவைக்க இதை எழுதவில்லை. உன் அம்மா போதுமான அளவு அழுதாகிவிட்டது. எனக்கு வேண்டியது நீ இதைச் சரியாகப் பார்ப்பது. குழந்தைக்கு நாக்கு கெட்டுப்போகவில்லை, பிடிவாதம் தலைக்கேறவில்லை, யாரோ சொன்னதுபோல் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போகவும் இல்லை. கடைசி வாயை விழுங்கினால் அம்மா போவாள் என்று அவளுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுத்தது நீ. ஆசையாகத்தான் சொன்னாய், அவளும் ஆசையாகத்தான் கற்றுக்கொண்டாள், உன்னை வைத்துக்கொள்ள அவளிடம் வேறு எந்த வழியும் இல்லாததால் சோற்றை வைத்துக்கொண்டாள். ஒரு நாலு வயதுக்காரி இதைவிடப் புத்திசாலித்தனமாக வேறு என்ன செய்துவிட முடியும்? அந்தப் புத்திக்குத்தான் நீங்கள் எல்லாரும் சேர்ந்து மூக்கைப் பிடித்தீர்கள். நீ தூரத்தில் இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். குடும்பத்துக்கான குடியிருப்பு கிடைக்கும்வரை குழந்தை இங்கே இருக்கட்டும் என்று நாம் நால்வரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது, சரியான முடிவு. தூரத்திலிருந்துகொண்டு கையைப் பிடிக்கச் சொன்னதுதான் என்னால் விழுங்க முடியாதது. இந்த வாக்கியத்தை அடித்துவிடச் சொல்லி உன் அம்மா இரண்டுமுறை கேட்டுவிட்டாள். அடிக்கவில்லை.

இப்போது எப்படி என்றால், அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. முட்டையின் மஞ்சளை இன்னும் தோண்டி எடுத்து என் தட்டில்தான் வைக்கிறாள். நேற்று கேரட் சுவரில் ஒட்டியது, துடைத்த இடம் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. சில வேளை வெறும் ரொட்டியோடு எழுந்துவிடுகிறாள், மறுவேளையில் நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சாப்பிடுகிறாள். பட்டாணியை மட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டாள், ஒவ்வொன்றாக எடுத்து, தலையில் தட்டி, பெயர் வைத்து, பிறகு தின்கிறாள். ஒரு பட்டாணிக்கு வக்கீல் மாமா என்று பெயர். மேசையில் அழுகை இல்லை. கன்னத்தில் ஒதுக்குவது இல்லை, ஒதுக்கி வைத்து யாரை நிறுத்த வேண்டும்? மருத்துவரிடம் மறுபடி காட்டினோம், எடை இறங்கவில்லை, லேசாக ஏறியிருக்கிறது, அந்த லேசான ஏற்றத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடமும் மார்தட்டப்போவதில்லை. ஏறாமலிருந்திருந்தாலும் மூக்கைப் பிடித்து ஊட்டுவதற்கு என் பதில் இதுவாகவேதான் இருந்திருக்கும்.

நீ அழைப்பதைப் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் அழைக்காதே. உன் அம்மாவும் இனி எடுக்க மாட்டாள், அவளே சொல்லிவிட்டாள், "நான் எடுத்தா என் கையை உடைங்க" என்று. காலையில் பாத்திரமெல்லாம் ஒழித்துவிட்டு, அவளைத் தலைவாரி உட்கார வைத்தபின் அழை. உனக்கு அப்போது பணி முடிந்து அலுப்பாக இருக்கும் என்று தெரியும். அலுப்போடு பேசு, படுத்துக்கொண்டு பேசு, நீ கொட்டாவி விடுவதை அவள் பார்த்தால் ஒன்றும் ஆகிவிடாது. அழைப்பை நீ முடிக்காதே, அவள் முடிக்கட்டும், போதும் என்று தோன்றும்போது அவளே சிவப்புப் பொத்தானை அழுத்தட்டும். முதலில் சில நாட்கள் உன்னைத் தூங்கவிட மாட்டாள், அதைத் தாங்கிக்கொள். ஒருநாள் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அழுத்திவிட்டுப் போவாள், அதையும் தாங்கிக்கொள். அன்றைக்கு உனக்கு வலிக்கும், எனக்குத் தெரியும், உன்னை விடுதியில் விட்டபோது நீயும் திரும்பிப் பார்க்காமல்தான் உள்ளே போனாய்.

சனிக்கிழமையைப் பற்றிக் கடைசியாகவும் முடிவாகவும் சொல்கிறேன். உன் நாத்தனார் வந்தால் கதவு திறக்கும். நாற்காலி இருக்கும், தேநீர் இருக்கும், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் தட்டும் இருக்கும், தம் தட்டில் உள்ளதை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம், யாரும் கேட்க மாட்டோம். குழந்தை அவரோடு போக மாட்டாள். "பெத்தவ நான் சொல்றேன், அனுப்புங்க" என்று நீ சொல்வாய். பெற்றவள் நீதான், அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆகவே நீ வா. விடுப்பு எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையோடோ தனியாகவோ, நீயே வந்து உன் கையால் அவளைத் தூக்கிக்கொண்டு உன்னோடு உன் இருப்பிடத்துக்கு அழைத்துப் போ. அன்றைக்கு நான் ஒரு சொல் பேச மாட்டேன், வாசலுக்கு நானே அவளைத் தூக்கிக்கொண்டு வருவேன். ஆனால் வேறொருவர் கையில் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினால், நீ அனுப்பினாலும் சரி, மாப்பிள்ளை அனுப்பினாலும் சரி, இரண்டு குடும்பமும் கூடி அனுப்பினாலும் சரி, அது இந்த வீட்டு வாசலோடு நின்றுவிடும். மாப்பிள்ளை மனம் வருந்துவார், சம்பந்தி வீட்டில் பேச்சு வரும், உனக்கும் அங்கே சங்கடம் என்று உன் அம்மா பயப்படுகிறாள். வரட்டும். பேச்சைக் கேட்டுக்கொள்ள எனக்குக் காது இருக்கிறது. இதையெல்லாம் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அவருக்கு மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் எழுதவில்லை, அவர் என்னோடு பேச விரும்பினால் எந்நேரமும் பேசலாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், எடுத்த வேலை கைகூடி, சீக்கிரமே உங்கள் மகளோடு ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். வேலையிலிருந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடாதே, உன் அம்மாவுக்கு அந்தக் கவலை தனியாக இருக்கிறது, ஆனால் அதை ஒரு அளவுக்கு மேல் உன்னிடம் கேட்கக்கூடாது என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையில் மறக்காமல் அழை. மிளகின் துணிக்கரடிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், போர்வைக்குள் படுத்திருக்கிறது, வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரி. அது என்ன சாப்பிட்டது என்று மட்டும் கேட்டுவிடாதே.

யார் வருந்தினாலும் சொன்ன சொல் மாறாத,
உன் அப்பா